பொம்மையின் கையைப் பிடித்திருந்த மாமாவுக்கு

அன்புள்ள மாமாவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு வெகுநேரம் அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்துவிடலாமா என்று தோன்றியது. இடது கையால் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டிவிடுகிறது. அடித்துவிட்டு வேறு வார்த்தை தேட யாருக்குப் பொறுமை இருக்கிறது? இருந்துவிட்டுப் போகட்டும். செத்தவனுக்கு அது ஒன்றும் பாரமில்லை.

காமாலை முற்றி நீ தை மாதத்தில் போனாய். நம் ராயபுரம் நாடக சபாக்காரர்கள் உனக்கு நினைவு மலர் போடுகிறார்கள். படத்தில் பொம்மையோடு மனிதன் நடிக்கவேண்டிய விதம் பற்றி நான் எழுதித் தரவேண்டுமாம். "துளசிங்கம் அண்ணன் புட்ச்சுகினு இருந்த பொம்மைக்குள்ள நீதானே தேசிங்கு இருந்தே? உன்ன வுட்டா யாருக்குத் தெரியும்?" என்றார்கள். சரி என்று தலையாட்டினேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. இப்போது தெரியும். அதனால் கட்டுரை இல்லை, இந்தக் கடிதம்தான். அச்சுப் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

அதற்கு முன்னால் வீட்டுச் செய்தி. போன வெள்ளிக்கிழமை அக்கா தட்டோடு வந்தாள். உன் பெண்டாட்டி, என் கூடப்பிறந்தவள். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்புப் பழம். தாலி அறுத்தவள் தட்டு தூக்கிக்கொண்டு வரலாமா என்று தெருவே வேடிக்கை பார்த்தது. அவள் அதையெல்லாம் பார்ப்பவளா? நேராக வந்து உட்கார்ந்து, உன் மகன் லோகுவுக்கு என் மகள் அம்சாவைக் கேட்டாள். அத்தை மகன், மாமன் மகள். பிறந்ததிலிருந்தே பேசி வைத்த முறைதான். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னாள்.

தாயில்லாப் பெண்ணை ஒற்றைக் கையால் வளர்த்தேன் மாமா. அவளை உன் ரத்தத்துக்குக் கொடுப்பதா? இதைத்தான் நான்கு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். போன மாதம் கேட்டிருந்தால் தட்டைப் பிடுங்கி வாங்கியிருப்பேன்.

மலர் படிக்கிறவர்களில் துறைமுகம் தெரியாதவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீ கப்பலில் பளு தூக்கும் வின்ச் ஓட்டினாய். நான் மேல்தளத்தில், சரக்கு இறங்கும் குழியின் விளிம்பில் நின்று உனக்குக் கை காட்டினேன். குழிக்குள் ஆட்கள் நிற்பது உனக்குத் தெரியாது. என் கைதான் உனக்குக் கண். விரல் மேலே சுழன்றால் தூக்கு. உள்ளங்கை கீழே பார்த்தால் இறக்கு. கையை இறுக மூடினால் நிறுத்து.

அந்த மூடிய கைக்கு மட்டும் துறைமுகத்தில் ஒரு தனி மரியாதை உண்டு. அதை யார் காட்டினாலும் வின்ச் நிற்கவேண்டும். கை காட்டுகிறவன்தான் காட்டவேண்டும் என்பதில்லை. கூட்டிப் பெருக்குகிறவன் காட்டினாலும் நிற்கும். காரணத்தை அப்புறம்தான் கேட்பார்கள். நாம் ஜோடியாக வேலை செய்த வருஷங்களில் நீ ஒரு தடவைகூட என் கையை மீறியதில்லை. ஒரு நாள் தும்மல் வந்து கையை மூடிவிட்டேன். அதற்கும் நிறுத்தினாய். "இன்னாடா மச்சான், எவனாச்சும் காலி ஆயிட்டானா?" என்று மேலேயிருந்து கத்தினாய். எல்லோரும் சிரித்தார்கள்.

உலக யுத்தம் முடிந்த மறு வருஷம் அந்தப் படக் கம்பெனி திருவொற்றியூரில் வந்து இறங்கியது. கடற்கரையில் பட்டாளத்துக்காரன் விட்டுப்போன தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார்கள். குடும்பப் படம். அப்பா, அம்மா, ஒரு பிள்ளை. பிள்ளை மட்டும் பொம்மை. படத்தில் யாரும் அதைப் பொம்மை என்று சொல்லமாட்டார்கள். சோறு ஊட்டுவார்கள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்கள், காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கும், தாய்மார்கள் அழுவார்கள் என்று டைரக்டர் கணக்குப் போட்டிருந்தார். கணக்குத் தப்பவில்லை.

நம் சபா நாடகத்தைப் பார்த்துவிட்டு உன்னை அப்பா வேஷத்துக்கு எடுத்தார்கள். பொம்மைக்கு அவர்கள் கொண்டுவந்த ஆள் இரண்டு நாளில் ஓடிவிட்டான். நீதான் என்னை இழுத்துக்கொண்டு போனாய். "என் மச்சான் கை பேசும் சார். கப்பல்ல கேட்டுப் பாருங்க" என்றாய். எனக்குக் கை சின்னது. பொம்மையின் வலது கை துணி உறைதான், அதற்குள் என் வலது கை கச்சிதமாகப் போயிற்று. இடது கை தலைக்குள். மணி என்று அதற்குப் பெயர். குரல் கொடுக்க மைக் பக்கத்தில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருப்பாள். நான் மணலில் தோண்டிய குழிக்குள், ஒரு பெட்டியின்மேல் நிற்பேன். மேலே பலகை பரப்பி, பாய் விரித்து, நடுவில் ஒரு பிளவு. அந்தப் பிளவு வழியாக என் இரண்டு கையும் மேலே வந்து ஒரு பிள்ளையாகும்.

நடிக்கும் விதத்தைக் கேட்டார்களே, அதையும் சொல்கிறேன். அம்மா வேஷம் போட்டவள் முதல் நாள் அதைக் கொஞ்சினாள். "என் ராஜா, என் கண்ணு" என்று குரலை இழுத்து இழுத்துப் பேசினாள். பெற்ற பிள்ளையிடம் எந்தத் தாயாவது நாள் முழுக்க அப்படிப் பேசுவாளா? திட்டவேண்டும், முதுகில் ஒன்று வைக்கவேண்டும், பேசிக்கொண்டே அது தின்கிற தட்டைப் பிடுங்கவேண்டும். பொம்மை என்று நினைத்தால்தான் கொஞ்சத் தோன்றும். தாத்தா வேஷக்காரர் இன்னும் மோசம். பொம்மை பேசி முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவார். மரத்துண்டு எங்கே யோசிக்கப்போகிறது என்ற எண்ணம். மனிதன் காத்திருந்தால்தான் பொம்மை யோசிக்கும். அவர் காத்திருக்காததால் அது கடைசிவரை மரமாகவே இருந்தது.

உன் கோளாறு வேறு. நீ பிளவையே பார்த்தாய். வருஷக்கணக்கில் என் கையைப் பார்த்து வேலை செய்த பழக்கம். பொம்மையின் முகத்தை விட்டுவிட்டு அதன் இடுப்புக்குக் கீழே கண்ணை வைத்துக்கொண்டிருப்பாய். டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். குழிக்குள்ளிருந்து நான் கத்தினேன்: "மாமா, கீய பாக்காத. கீய ஒருத்தனும் இல்ல. மணி கண்ணப் பாரு." அதன் பிறகுதான் படம் ஓட ஆரம்பித்தது. மணியின் கண்ணைப் பார்த்தே சிரித்தாய், கோபித்தாய், பொய் சொன்னாய். கொட்டகையில் விளக்குப் பிடித்த நம் ஆட்களே ஒரு நாள் மணிக்குப் பட்டாணி வாங்கிக்கொண்டு வந்தார்கள். அவ்வளவு நன்றாக நடித்தாய். அதை நான் இன்றைக்கும் மறுக்கவில்லை.

கடைசியில் அந்தக் காட்சி. அப்பா கப்பலேறி ரங்கூன் போகிறார். மணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு போகவேண்டாம் என்கிறது. அப்போது கச்சா பிலிமுக்குக் கட்டுப்பாடு. கையில் இருப்பது கடைசிச் சுருள், இன்னொரு தடவை எடுக்க முடியாது என்று டைரக்டர் எல்லோரிடமும் சொன்னார். கேமரா தள்ளுவண்டியில் இருந்து மெதுவாக உங்களை நெருங்கி வரவேண்டும். தள்ளியவர்கள் நம் துறைமுகத்து ஆட்கள்தான். நீயே கூட்டிக்கொண்டு வந்தவர்கள்.

வண்டி நெருங்கும்போது அதன் பாரத்தில், குழியின் ஒரு பக்கத்து மணலைத் தாங்கிய பலகை பெயர்ந்தது. மணல் முதலில் காலில் விழுந்தது, பிறகு இடுப்பில், பிறகு நெஞ்சில். பெட்டி சாய்ந்து என் கால் அந்தரத்தில் போயிற்று. வாயைத் திறந்தேன், வாய் நிறைய மணல். இடது கை மடங்கியது. மணியின் தலை உன் மார்பில் சாய்ந்ததாக எல்லோரும் பிற்பாடு சொன்னார்கள். வலது கை உன் கைக்குள் இருந்தது. அதை மூடினேன்.

திறந்து மறுபடி மூடினேன். நிறுத்து. நிறுத்து. மூன்றாவது தடவை மூடியபோது உன் இன்னொரு கையும் வந்து என் கையைப் பொத்திக்கொண்டது. அந்தச் சூடு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மாமாவுக்குத் தெரிந்துவிட்டது, இதோ நிறுத்திவிடுவான் என்று நினைத்தேன். என் உடம்பு கீழே இறங்கிக்கொண்டே போயிற்று, நீ மேலே பிடித்துக்கொண்டே இருந்தாய். தோளில் ஏதோ அறுந்தது. அதற்கப்புறம் எனக்கு நினைவில்லை.

சுருள் தீர்ந்த பிறகு பலகையைப் பிடுங்கி எறிந்து முதலில் குதித்தது நீதான் என்றார்கள். நகம் பெயர மணலைத் தோண்டினாயாம். ஆஸ்பத்திரியில் என் காலைக் கட்டிக்கொண்டு கதறினாய். "தெரிலடா மச்சான். நீ நடிக்கிறேன்னுதான் நெனைச்சேன். சீன்லயே கையப் புடிக்கிறதுதானே?" என்றாய். நியாயம்தானே என்று பட்டது. பிள்ளை அப்பன் கையை இறுக்குகிற காட்சியில் கை இறுகினால் எவன் சந்தேகப்படுவான்? போதாததற்கு, நீ பிடித்திருந்ததால்தான் நான் மணலுக்குள் முழுசாகப் போகவில்லை என்று டாக்டரே சொன்னார். என் கை போயிற்று, உயிர் உன்னால் நின்றது. ஊர் அப்படித்தான் பேசியது. நானும் அப்படித்தான் பேசினேன், பன்னிரண்டு வருஷமாக.

எத்தனை பேரிடம் பேசியிருக்கிறேன் தெரியுமா? புதிதாக நடிக்க வரும் பையன்கள் என்னிடம் வந்து கேட்பார்கள். "எங்க மாமா மாதிரி நடி. கீய நானு செத்துகினு கீறேன், மேல அவுரு மணி கண்ணத்தான் பாத்துகினு கீறாரு. அதாண்டா நடிப்பு" என்பேன். தொங்கிப்போன கையைத் தூக்கிக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன். எப்பேர்ப்பட்ட இளிச்சவாயன் பார்.

நீயும் சும்மா இருக்கவில்லை. துறைமுக வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கும் வேலை வாங்கிக் கொடுத்தாய். அம்சாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாய். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து எனக்கு முகம் மழித்துவிட்டாய். போஸ்டரில் இருக்கும் முகம் எங்கள் வாசலில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருப்பதைத் தெருப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கும். சில நாள் கத்தியை நிறுத்திவிட்டு, "மச்சான், ஒண்ணு சொல்லணும்டா" என்பாய். "சொல்லு மாமா" என்பேன். "ஒண்ணுமில்ல, தலைய ஆட்டாத" என்பாய். கடன் ஏதாவது கேட்க வெட்கப்படுகிறாய் என்று நினைத்துக்கொள்வேன்.

நான் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. வந்த புதிதில் படுக்கையில் கிடந்தேன். எழுந்த பிறகும் அக்கா விடவில்லை. "அத்தப் பாத்து இன்னாத்துக்குடா மனசக் கெடுத்துக்கிறே?" என்றாள். என்மேல் பாசம் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன்.

நீ செத்ததும் தண்டையார்பேட்டைக் கொட்டகையில் உனக்கு மரியாதை என்று அதைத் திரும்பப் போட்டார்கள். மலருக்கு எழுதவேண்டுமே, ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மத்தியான ஆட்டத்துக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. தரை டிக்கெட். சுற்றிலும் பொடிசுகள். மணி இட்லியைத் துப்பும்போது பக்கத்திலிருந்த ஒரு வாண்டு சிரித்துச் சிரித்து என் மடியில் விழுந்தது. நானும் சிரித்தேன். என் கைதான் என்பது எனக்கே மறந்துவிட்டது.

பிறகு அந்தக் காட்சி. மணியின் கை மூடுகிறது. நீ அதன் கண்ணைப் பார்க்கிறாய். சரிதான், நான் சொன்ன மாதிரியே. இரண்டாவது தடவை மூடுகிறது. உன் கண் கைக்கு இறங்குகிறது. அங்கிருந்து பிளவுக்குப் போகிறது. வின்ச் மேடையில் உட்கார்ந்து என் கையைப் பார்ப்பாயே, அந்தப் பார்வை. நடிகனுடையது இல்லை. பிறகு உன் கண் இன்னோர் இடத்துக்கும் போயிற்று மாமா. வண்டி தள்ளுகிற ஆட்கள் நிற்கும் பக்கம். அவர்கள் பார்த்துவிட்டார்களா என்று பார்த்தாய். அவர்கள் பார்த்திருந்தால் வண்டி நின்றிருக்கும். அதன் பிறகுதான் உன் இன்னொரு கை வந்து, அவர்கள் கண்ணில் படாமல் என் கையை மூடுகிறது. மூடிவிட்டு அதன்மேல் முத்தம் வேறு.

கொட்டகையே விம்மியது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். வேறு மாதிரி தெரியாதா என்றுதான். தெரியவில்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். மூன்றாம் நாள் நானும் அழுதேன். என் கை செத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அழவில்லை. மணிக்காக அழுதேன். அவ்வளவு நல்ல காட்சி அது. நீ நிறுத்தியிருந்தால் அது இருந்திருக்காது. அதற்காகவும் உன் கழுத்தை நெரிக்கத் தோன்றியது.

ஏன் மாமா? ஒரு சுருள் பிலிமுக்காகவா? விழாமல் என்னைப் பிடித்தாயா, படத்தில் மணி விழாமல் பிடித்தாயா? இரண்டும்தான் என்று சொல்வாய். எனக்குத் தெரியும் உன் வாய்.

இதற்கு நடுவில் உன் மகன் கதை. எண்ணூர் ரோட்டில் வேறொரு கம்பெனி கொட்டகை போட்டிருக்கிறது. அதே மாதிரி குடும்பப் படம், அதே மாதிரி பொம்மைப் பிள்ளை. துளசிங்கத்தின் மகன் என்று லோகுவை எடுத்தார்கள். பொம்மைக்கு அம்சா. மிஞ்சிய இடது கையை வைத்துக்கொண்டே அவளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தேன், என்னைவிடக் கெட்டிக்காரி. இப்போது குழி கிடையாது, உயரமான மேடைக்கு அடியில் படுத்துக்கொண்டு வேலை செய்கிறாள். மேலே உன் மகன், கீழே என் மகள். மூன்றாம் தடவை படம் பார்த்துவிட்டு வந்த மறுநாள், உன் மகன் என்ன செய்கிறான் பார்க்கலாம் என்று அங்கே போய் உட்கார்ந்தேன்.

உன் மகனுக்கு நடிக்கத் தெரியவில்லை மாமா! சொல்லச் சந்தோஷமாக இருக்கிறது. வசனம் நன்றாகப் பேசுவான், முகமும் உன் முகம்தான். பொம்மை விரலை மடக்கினால் போதும், பேச்சை விட்டுவிட்டுக் குப்புற விழுந்து மேடைத் துணியைத் தூக்குவான். "அம்சா, இன்னாச்சு? நல்லாக் கீறியா?" அவள் உள்ளேயிருந்து கத்துவாள்: "கொசுடா! கொசு கடிச்சிச்சு! இன்னாத்துக்கு நிறுத்தினே?" திரும்ப எடுப்பார்கள். திரும்ப விழுவான். டைரக்டர் கெஞ்சினார், மிரட்டினார், உன் பெயரைச் சொல்லிக் காறித் துப்பாத குறையாகத் திட்டினார். "உங்கப்பன் எப்பேர்ப்பட்ட கலைஞன், அவனுக்கு இப்பிடி ஒரு புள்ளையா?" என்றார். லோகு தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மூன்றாம் நாள் அவனை அனுப்பிவிட்டார்கள். கோபத்தில் அம்சாவையும் நான் வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழி நெடுக அவள் என்னைத் திட்டிக்கொண்டு வந்தாள்.

பயந்தாங்கொள்ளி என்றுதான் நானும் நினைத்தேன். அதற்கப்புறம்தான் அக்கா தட்டோடு வந்தது.

அவள் கேட்டு முடித்ததும், "அக்கா, நான் படம் பாத்துட்டேன்" என்றேன்.

அவள் முகம் மாறவில்லை. தட்டை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். "பாத்துட்டியா? என்னிக்காச்சும் பாப்பேன்னு தெரியும்" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"எனக்கா? ராயபுரத்துல உன்னியத் தவிர அல்லாருக்கும் தெரியும்டா. மொத நாள் ஆட்டத்துக்கே போனேன். அந்தக் கை மூடிச்சு பாரு, கொட்டாயில குந்தினு இருந்த ஹார்பர் ஆளுங்க அத்தினி பேரும் எய்ந்து நின்னுட்டாங்க. ஒருத்தன் 'நிறுத்து, நிறுத்து'ன்னு கத்தறான். படத்தப் பாத்துக் கத்தறான்டா. பொம்பளைங்க பக்கம் அல்லாரும் அயுதுகினு கீறாங்க. ஆம்பளைங்க பக்கம் அல்லாரும் நின்னுகினு கீறாங்க."

அவள் அதோடு நிறுத்தவில்லை.

"லோகு என் மடியில இருந்தான். 'யம்மா, மாமா நிறுத்துன்னு சொல்லுதே, நைனா ஏம்மா நிறுத்தல?'ன்னு கேட்டான். பத்து வயசுப் புள்ளைக்கு நான் இன்னா சொல்றது? வூட்டுக்கு வந்து அந்த மனுசனக் கேட்டேன். இல்லன்னு சொல்லல. 'தேசிங்கு கால்ல வுயுந்து சொல்லிடறேன்டி'ன்னு அயுதாரு. நான்தான் வாணாம்னேன். ஹார்பர்ல ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு வூடு வூடாப் போயிச் சொன்னதும் நான்தான்."

"ஏன்க்கா?"

"சொன்னா நீ இன்னா பண்ணியிருப்பே? 'போவுது வுடு மாமா'ன்னு சொல்லியிருப்பே. எனக்குத் தெரியாதா உன்ன? அப்பால அந்த ஆளு நிம்மதியாத் தூங்கும். நீ ஒத்தக் கையால துணி கட்டிகினு கெடப்பே. சொமக்கட்டும்னு வுட்டேன். வாரா வாரம் உனக்கு முகம் மயிக்க வருவாரே, திரும்பி வந்ததும் கேப்பேன், 'சொன்னியா?'ன்னு. இல்லம்பாரு. 'நீ சொன்னியோ, அன்னிக்கி நான் இந்த வூட்ல இருக்க மாட்டேன்'னு சொல்லித்தான் சோறு போடுவேன்."

தட்டில் சரிந்திருந்த பழச் சீப்பை நேராக வைத்தாள். பிறகு, "ஆஸ்பத்திரில கடைசியா உன்னியத்தான் கேட்டாரு. 'ஆள் அனுப்பு, ஆள் அனுப்பு'ன்னு. நான் அனுப்பல" என்றாள்.

நான் வருவதற்குள் நீ செத்து, உன் வாயைக் கட்டியிருந்தார்களே, எனக்கு முன்னமே ஆள் வராதது ஏன் என்று இப்போது தெரிகிறதா? உனக்குத் தெரியும். எனக்குத்தான் அவள் சொல்லும்வரை தெரியாது. பன்னிரண்டு வருஷம் ஒரு வீட்டுக்குள் உன்னோடு படுத்து எழுந்து, உனக்குச் சமைத்துப் போட்டு, என் அக்கா உன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றிருக்கிறாள். அவளைக் கட்டிக்கொண்டு அழலாம் என்று இருந்தது. பயமாகவும் இருந்தது.

அக்கா சொன்னது சரிதான். நீ சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேன். சோப்பு நுரையோடு, கழுத்தில் கத்தியோடு நீ அதைச் சொல்லியிருந்தால், "போவுது வுடு மாமா, மீசைய சரியா வெட்டு" என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நீ தவித்தாய். அதை இப்போது உனக்குச் சொல்லமாட்டேன். செத்தவனுக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? அக்கா உயிரோடு இருக்கும்போது அவளைத் தாண்டிக்கொண்டு உன்னை மன்னிக்க நான் யார்?

அவள் போன பிறகு லோகுவை நினைத்தேன். மடியில் உட்கார்ந்து அந்தக் கை மூடுவதைப் பார்த்தவன். அவனால் எப்படி நிற்க முடியும்? கொசு கடித்தாலும் குனிந்துதான் பார்ப்பான். அதுதான் அவனுக்குத் தெரிந்த நடிப்பு.

இதை எழுதுவதை நடுவில் நிறுத்திவிட்டு அம்சாவைக் கேட்டேன். இன்னும் கோபம் தீரவில்லை. "நடிப்பு அவுனுக்கு சுட்டுப் போட்டாலும் வராது நைனா" என்றாள். கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டேன். தலையைப் பின்னி முடித்தாள். பிறகு, "குனிஞ்சு பாக்கறான்ல, போதும்" என்றாள்.

நாளைக்குத் தட்டு மாற்றுகிறோம். உன் மகனுக்குத் துறைமுகத்தில் வேலைக்குச் சொல்லியிருக்கிறேன். இனிமேல் அவன் நடிக்கப்போவதில்லை, நான் விடப்போவதுமில்லை. சபாக்காரர்களே, நீங்கள் கேட்டதற்கு என் பதில் இவ்வளவுதான்: பொம்மையின் கண்ணைப் பாருங்கள், அதைக் கொஞ்சாதீர்கள், அது பேசி முடிக்கும்வரை காத்திருங்கள். கை மூடினால் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் குனியுங்கள். காட்சி நாசமாகப் போகட்டும்.

உனக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன் மாமா. உனக்கும் எனக்கும் பேரப்பிள்ளைகள் பிறக்கும். உன் படம் எங்கே ஓடினாலும் அதுகளைக் கூட்டிக்கொண்டு போவேன். உங்கள் தாத்தா மாதிரி நடிக்க இனி ஒருத்தன் பிறக்கவேண்டும் என்று வாய் நிறையச் சொல்வேன். சிரிக்கிற இடத்தில் சிரிக்கட்டும். அந்த இடம் வரும்போது மட்டும், மூடிய கைக்கு என்ன அர்த்தம் என்று அதுகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன்.

நேற்றுவரை உன் மச்சான்,
நாளை முதல் உன் சம்பந்தி,
தேசிங்கு